கிட்டப்பாவும் தாத்தாவின் கேஸட்டும்

மலருக்குக் கட்டுரை கேட்டு சங்கத்திலிருந்து போன் வந்தது. மெஸ் சாப்பாடு, கட் அடித்த வகுப்பு, லேப் வைவா - மூன்றுக்கும் ஏற்கெனவே ஆள் பிடித்தாகிவிட்டதாம். சரி, எனக்குத் தெரிந்த வேறொரு விஷயத்தை எழுதுகிறேன்.

ஹாஸ்டலில் என் ரூமுக்குப் 'பாட்டு பேங்க்' என்று பெயர். 2007 முதல் 2011 வரை கூட இருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு ஹார்ட் டிஸ்க், அதில் 14,000 பாட்டு. செமஸ்டர் பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரிகூட யாராவது பென்டிரைவோடு வாசலில் நிற்பார்கள். இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதில் நான் முழுசாகக் கேட்டது 300 இருந்தால் அதிகம்!

இன்றைக்கும் ஜூனியர் தம்பி தங்கைகள் கேட்பதுண்டு. சொந்தமாக ஒரு பாட்டுத் தொகுப்பு வைத்துக்கொள்ள ஆசை, எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று. ஒரு மனிதரிலிருந்து ஆரம்பியுங்கள் என்பதுதான் என் பதில். அவர் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டு அவர் குரலைக் கேளுங்கள். மற்றதெல்லாம் அவர் பின்னாலேயே வரும். எனக்கு அந்த மனிதர் எஸ்.ஜி. கிட்டப்பா.

எங்கள் வீடு கே.கே. நகரில், சிவன் பார்க்குக்குப் பக்கத்துத் தெருவில், தரைத்தளம். சனிக்கிழமை சாயங்காலம் தாத்தா டேப்ரெக்கார்டரைத் துடைத்து வைத்து ஒரே ஒரு கேஸட்டைப் போடுவார். பழைய இசைத்தட்டு வைத்திருந்த நண்பர் வீட்டுக்குப் போய், ஸ்பீக்கர் முன்னால் மைக்கைப் பிடித்து அவரே பதிவு செய்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால், இது இந்த நாடகத்தில், இந்தக் கட்டத்தில் வருவது என்று அவர் குரலிலேயே ஓர் அறிமுகம் இருக்கும். தாத்தா பிறந்ததே கிட்டப்பா போன பிறகுதான். ஆனால் தாத்தாவின் அப்பா பெரிய நாடகப் பைத்தியம். அவர் சொன்ன கதைகள் தாத்தா வழியாக என்னிடம் வந்தன.

எஸ் என்றால் செங்கோட்டை, ஜி என்றால் அப்பா கங்காதர ஐயர். கிட்டப்பா பிறந்தது 1906 ஆகஸ்ட் 25. வீட்டில் வறுமை. பால் பல் விழுகிற வயதிலேயே மேடை ஏறிவிட்டார். சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகப் பாடல்களில் வளர்ந்தவர். பிறகு காட்சி ஜோடனைக்குப் பேர் போன கன்னையா கம்பெனியில் சேர்ந்தார். தசாவதாரம் நாடகத்தில் அவர் பரதனாக வந்து பாடுவதைக் கேட்கவே கூட்டம் கூடியதாம். சகோதரர் காசி ஐயர் ஆர்மோனியம். மைக் கிடையாது. ராத்திரி முழுக்க நடக்கும் நாடகத்தில், கொட்டகையின் கடைசி வரிசை வரைக்கும் வெறும் தொண்டையால் பாடியாக வேண்டும். உச்ச சுருதியில் அனாயாசமாக நின்ற குரல் அது.

அந்தக் குரலுக்கு ஈடுகொடுக்க யாரால் முடியும் என்று பேச்சு இருந்த காலத்தில், 1926-ல் இலங்கையில் கே.பி. சுந்தராம்பாள் அவரோடு மேடையில் சேர்ந்தார். வள்ளி திருமணத்தில் இவர் முருகன், அவர் வள்ளி. மறு வருஷம் கல்யாணம். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மணமாகியிருந்தது. பிறந்த குழந்தை தங்கவில்லை. மனஸ்தாபம், பிரிவு, நோய் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. 1933 டிசம்பர் 2-ஆம் தேதி கிட்டப்பா காலமானார். அப்போது அவருக்கு 27 வயசு. இந்த மலரைப் படிக்கிற நம்மில் பலருக்கு அந்த வயதில் முதல் புரமோஷன்கூட வந்திருக்காது.

தமிழின் முதல் பேசும் படம் காளிதாஸ் வெளிவந்தது 1931 அக்டோபரில். அதன் பிறகு இரண்டு வருஷம் இருந்தும் கிட்டப்பா ஒரு படத்திலும் நடிக்கவில்லை. ஆகவே அவர் பாட்டில் இன்று நமக்கு மிச்சம் அந்த இசைத்தட்டுகள் மட்டுமே. மேடையில் அரை மணி நேரம் விரித்துப் பாடியதை, தட்டின் ஒரு பக்கத்தில் மூன்றே சொச்சம் நிமிஷத்தில் அடக்க வேண்டும். அவர் பிருகாக்கள் மின்னல் மாதிரி ஓடுவதற்கு அந்த அவசரமும் ஒரு காரணமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இன்ஜினியர் புத்தி சும்மா இருக்குமா? ஒரு எச்சரிக்கை. இந்தத் தட்டுகள் நிமிஷத்துக்கு 78 சுற்று கணக்கில் ஓட வேண்டியவை. நகல் எடுத்தவரின் மெஷின் 6 சதவீதம் வேகமாக, அதாவது ஏறக்குறைய 83-ல் ஓடியிருந்தால், சுருதி சுமார் அரைக் கட்டை ஏறிவிடும். கிட்டப்பா நிஜத்தில் பாடியதைவிட உசத்தியாகவும் அவசரமாகவும் கேட்கும். அதனால் ஒரே பாட்டுக்கு இரண்டு மூன்று நகல் கிடைத்தால் எல்லாவற்றையும் கேட்டுப் பார்த்து, மனுஷக் குரலாக ஒலிப்பதை வைத்துக்கொள்ளுங்கள்.

இனி சிபாரிசு. முதலில், வள்ளலாரின் 'கோடையிலே இளைப்பாற்றி'. தாளக் கட்டு இல்லாத விருத்தம். கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். இரண்டாவது, தியாகராஜரின் 'எவரனி', தேவாம்ருதவர்ஷிணி ராகம். நாடகக்காரருக்கு என்ன சங்கீதம் தெரியும் என்று நினைத்தவர்களுக்கு அது பதில். மூன்றாவது, 'காமி சத்யபாமா'. கோபித்துக்கொண்டு கதவைச் சாத்திய மனைவியிடம் கண்ணன் கெஞ்சும் கட்டம். கல்யாணமானவர்கள் தவறவிடக் கூடாது! நான்காவது, சங்கரதாஸ் சுவாமிகளின் 'காயாத கானகத்தே'. வேடன் வேஷத்தில் வந்த முருகன் தினைப்புனத்தில் வள்ளியிடம் பேசும் இடம்.

இந்த நாலும் மனசில் ஏறிவிட்டால் தொகுப்பு தானாக வளரும். 1945-ல் வந்த ஸ்ரீவள்ளி படத்தில் டி.ஆர். மகாலிங்கம் அதே 'காயாத கானகத்தே'யைப் பாடியிருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். அங்கிருந்து எம்.கே. தியாகராஜ பாகவதர். அம்பிகாபதி (1937), அசோக்குமார் (1941), சிவகவி (1943), ஹரிதாஸ் (1944) - இந்த நாலு படப் பாட்டு போதும். கடைசியாகக் கே.பி. சுந்தராம்பாள். கிட்டப்பா இறந்தபோது அந்த அம்மாளுக்கு வயது 25. அன்று உடுத்திய வெள்ளைச் சேலையைக் கடைசி வரை மாற்றவில்லை. ஆணுக்கு ஜோடியாக நடிப்பதில்லை என்று இருந்துவிட்டார். 1935-ல் ஒரு லட்சம் ரூபாய் சம்பளத்தில் பக்த நந்தனார் படத்தில் நடித்தபோதுகூட, நந்தனார் வேஷத்தையே அவர்தான் போட்டார். ஔவையார் (1953), பூம்புகார் (1964), திருவிளையாடல் (1965) படங்களில் அந்தக் குரலைக் கேளுங்கள். கிட்டப்பா கதை தெரிந்த பிறகு கேட்டால் அது வேறு மாதிரி கேட்கும்.

தாத்தா 2012-ல் போய்விட்டார். கேஸட் பீரோவின் அடித்தட்டில் இருந்தது. இரண்டாம் வருஷ லீவில் அதன் முதல் பக்கத்தை மட்டும் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தேன். மறுபக்கம் அடுத்த லீவில் பார்த்துக்கலாம் என்று விட்டேன். அந்த அடுத்த லீவு வரவேயில்லை. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி ராத்திரி வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. அம்மாவையும் அப்பாவையும் மாடி வீட்டுக்கு ஏற்றுவதற்குள் முழங்கால் தாண்டிவிட்டது. மறுநாள் பார்த்தபோது கேஸட் சேற்றில் கிடந்தது. என் ஹார்ட் டிஸ்க்கும் போச்சு. அன்று டிசம்பர் 2, கிட்டப்பா இறந்த தேதி என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

முதல் பக்கம் பிழைத்தது எப்படி தெரியுமா? என் ரூம்மேட் ஒருத்தன், எது எடுத்தோம் என்றே தெரியாமல், 'பாட்டு பேங்க்'கிலிருந்து மொத்தமாக அள்ளிக்கொண்டு போனதில் அதுவும் இருந்தது. தேடி எடுத்து அனுப்பினான். பாட்டுகள் எப்படியும் வேறு இடத்தில் கிடைத்துவிடும். அவற்றுக்கு முன்னால் வரும் தாத்தாவின் குரல் எங்கே கிடைக்கும்? மறுபக்கத்தில் அவர் என்ன சொல்லியிருந்தார் என்பது எனக்கு முழுசாக ஞாபகம் இல்லை.

ஆகவே தம்பி தங்கைகளே, 14,000 பாட்டு வேண்டாம். நாற்பது போதும். மூன்று நிமிஷப் பாட்டைச் சுருக்காமல் அப்படியே வைத்தால் 30 எம்பி. இன்றைக்கு அது ஒரு இடமே இல்லை. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் அவர்களுக்குப் பிடித்த பாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை பேசச் சொல்லி, அதையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். அடுத்த லீவுக்கு என்று தள்ளிப் போடாதீர்கள்.

சந்திப்பு நாளன்று பென்டிரைவோடு வருவேன். 'பாட்டு பேங்க்' மறுபடி திறந்திருக்கும். இந்த முறை எல்லாம் கேட்ட பாட்டு. வாருங்கள்!