பிரித்துப் பார்த்த மனிதர் ஜி.டி. நாயுடு

(மூன்றாம் ஆண்டு ஆட்டோமொபைல் மாணவன், கரியாலூர்)



லீவுக்கு ஊருக்குப் போனதும் சொந்தக்காரர்கள் நம்மிடம் முதலில் என்ன கேட்கிறார்கள்? டிப்ளமோதானா, இஞ்சினியரிங் காலேஜில் சீட் கிடைக்கலையா என்றுதானே! அந்தக் கேள்வியைத் தலை குனிந்து விழுங்கிய ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு மனிதரைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவர் படித்தது டிப்ளமோகூட இல்லை. வெறும் ஆரம்பப் பள்ளிப் படிப்பு!

ஆம். அவர்தான் கோவை தந்த அதிசய மனிதர் ஜி.டி. நாயுடு. கோபால்சாமி துரைசாமி நாயுடு என்பது முழுப்பெயர். 1893 மார்ச் 23-ல் கோவைக்குப் பக்கத்தில் கலங்கல் கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. வாத்தியார் மீது மண்ணை வீசிவிட்டு வந்த பிள்ளை என்று இன்றைக்கும் சொல்வார்கள்.

அப்பாவின் தோட்டத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவரின் வாழ்க்கையை ஒரு மோட்டார் சைக்கிள் திருப்பிப்போட்டது. வெள்ளைக்கார வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த ரட்ஜ் வண்டி அது. மாடும் இல்லை, குதிரையும் இல்லை, இது எப்படி ஓடுகிறது? பார்த்தவர்கள் வாயைப் பிளந்துவிட்டுப் போய்விட்டார்கள். இவர் போகவில்லை. கோவைக்குப் போய் ஓட்டலில் சர்வராகச் சேர்ந்தார். காசு காசாகச் சேர்த்து, சில வருஷம் கழித்து அதே மாதிரி வண்டியை விலைக்கு வாங்கினார்.

வாங்கி என்ன செய்தார்? ஊரைச் சுற்றினாரா? இல்லை நண்பர்களே, கழற்றிப் போட்டார்! ஒவ்வொரு பாகமும் எதற்கு இருக்கிறது என்று பார்த்தார். மறுபடி பூட்டினார். அவருடைய கல்லூரி அந்த ஒரு வண்டிதான்.

பிறகு மெக்கானிக் வேலை. 1920-ல் ஒரு பஸ் வாங்கி பொள்ளாச்சி - பழனி தடத்தில் விட்டார். அது யு.எம்.எஸ். என்ற நிறுவனமாக வளர்ந்து, நாட்டின் சிறந்த பஸ் கம்பெனிகளில் ஒன்று என்று பேர் வாங்கியது.

பஸ் கம்பெனி என்றால் சும்மாவா? ஓடினால் காசு, ஷெட்டில் நின்றால் நஷ்டம். அன்றைய கியர் பாக்ஸில் சிங்க்ரோமெஷ் கிடையாது. அது 1928-ல்தான் அமெரிக்காவில் காடிலாக் காரில் வந்தது. கியரை இறக்குகிற டிரைவர் கிளட்சை இரண்டு தடவை மிதித்து, இஞ்சின் வேகத்தைக் காதால் கணக்குப் போட வேண்டும். தப்பினால் பல்லோடு பல் உரசிக் கத்தும். வண்டியின் சத்தம் புரியாதவன் மோட்டார் தொழிலில் நிற்க முடியாத காலம் அது.

இந்த இடத்தில் என் வெட்கக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன். போன லீவில் மாமாவின் ஜீப்பில் கியர் லீவர் பக்கம் கிர்ரென்று ஒரு சத்தம். கச்சிராயபாளையத்திலிருந்து மலை ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் கேட்டது. கியர் பாக்ஸ் போச்சு என்று தீர்ப்புச் சொல்லி, இறக்கிப் பிரித்தும்விட்டேன். உள்ளே பல்லெல்லாம் புதுசு மாதிரி இருந்தது! மூன்று நாள் ஜீப் ஓடவில்லை. மரவள்ளிக்கிழங்கு லோடு வேறு வண்டிக்குப் போய்விட்டது. கடைசியில் வந்த வயதான மெக்கானிக் கேட்டது ஒரே கேள்வி. சத்தம் கிளட்சை மிதிக்கும்போதா, விடும்போதா? மிதிக்கும்போதுதான் என்றார் மாமா. ரிலீஸ் பேரிங் தேய்ந்திருந்தது. அவ்வளவுதான்!

அன்று அவரிடம் கற்றதை உங்களுக்கும் தருகிறேன். நியூட்ரலில் வரும் சத்தம் கிளட்சை மிதித்ததும் நின்றால், கியர் பாக்ஸுக்குள் இருக்கும் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். ஒரே கியரில் மட்டும் ஊளையிட்டால் அந்த கியரின் பல். மற்ற கியரிலெல்லாம் கத்திவிட்டு டைரக்ட் டாப்பில் அடங்கினால் லே ஷாஃப்ட் பக்கம் பாருங்கள். டாப்பில் பளு அதன் வழியாகப் போவதில்லை. ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது ஒரு சுருதி, விடும்போது வேறு சுருதி என்றால் டிஃபரன்ஷியலில் கிரவுன் வீலும் பினியனும். கிளம்பும்போது டொக்கென்று அடித்தால் ஜாயின்ட் கிராஸ். பின்சக்கரம் இழுக்கிற ஸ்போர்ட்ஸ் கார் ஆனாலும் மலை ஜீப் ஆனாலும் பாடம் ஒன்றுதான்.

நாயுடுவும் பிரித்தார், நானும் பிரித்தேன். வித்தியாசம் என்ன? அவர் தன் சொந்த உழைப்பில் வாங்கியதைக் கற்றுக்கொள்வதற்காகப் பிரித்தார். நான் ஒன்றும் கேட்டறியாமல் இன்னொருவர் பிழைப்பைப் பிரித்தேன்!

நாயுடு பஸ்ஸோடு நின்றுவிடவில்லை. 1937-ல் பீளமேட்டில் இருந்த அவருடைய தொழிற்சாலையிலிருந்து இந்தியாவிலேயே தயாரான முதல் மின்மோட்டார் வெளிவந்தது. அதில் அவரோடு உழைத்தவர் டி. பாலசுந்தரம் நாயுடு. மின்சார ஷேவிங் ரேசர், மிக மெல்லிய பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி என்று கைவைத்த துறைகள் எத்தனையோ! 1952-ல் இரண்டாயிரம் ரூபாய் விலையில் இருவர் போகும் பெட்ரோல் கார் செய்து காட்டினார். அரசு லைசென்ஸ் தரவில்லை. கார் அத்தோடு நின்றது.

நமக்கு நெருக்கமான சங்கதி இனிமேல்தான். 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் உருவாகக் காரணமாக இருந்தவர் இவரே. அந்தக் கல்லூரிதான் பின்னாளில் அரசு தொழில்நுட்பக் கல்லூரி ஆனது. ஆரம்பப் பள்ளியைத் தாண்டாதவர் அங்கே முதல்வராகவும் இருந்தார்! நான்கு வருஷப் படிப்பு மாணவனின் காலத்தை வீணாக்குகிறது, இரண்டு வருஷம் தாராளமாகப் போதும் என்பது அவர் கட்சி. அன்றைய அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. பதவியை விட்டு விலகினார்.

1974 ஜனவரி 4-ல் மறைந்தார். கோவையில் அவர் பெயரைச் சொல்லும் அருங்காட்சியகம் இருக்கிறது. 2025 அக்டோபரில் அவிநாசி சாலையில் திறந்த பத்து கிலோமீட்டர் மேம்பாலத்துக்கும் அவர் பெயர்தான்.

நண்பர்களே, நம் ஒர்க்‌ஷாப் மூலையில் ஒரு பழைய கியர் பாக்ஸ் தூசி படிந்து கிடக்கிறது. ரெக்கார்டு நோட்டில் அதன் படத்தைப் பார்த்து வரைந்தவர்கள் நாம் எல்லோரும்தான். அதைத் திறந்தவர்கள் எத்தனை பேர்? பல் உடைந்தாலும் யாருடைய லோடும் நிற்காத இடம் இது ஒன்றுதான். வெளியே போனபின் தப்புச் செய்தால் ஒரு குடும்பத்தின் மூன்று நாள் கூலி போகும். ஆகவே, இங்கேயே பிரிப்போம்! இங்கேயே தப்புச் செய்வோம்! அதன்பிறகு, டிப்ளமோதானா என்று யாராவது கேட்டால், பதிலை நம் கை சொல்லட்டும்!