நெளிந்துபோன வட்டம்

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் நாகர்கோவில் கடைகளில் ஜாமெட்ரி பெட்டி வாங்கக் கூட்டம் நெரியும். பெட்டியின் மேலுள்ள படத்தைப் பார்த்து வாங்குபவர்கள்தான் அதிகம். உள்ளே இருக்கும் கவராயத்தைக் கையில் எடுத்துப் பார்ப்பவர்கள் குறைவு. ஒரே ஒரு வட்டம் சரியாக அமைவதற்காக ஆறு வாரம் பாடுபட்ட ஒருவரைப் பற்றி இன்று தெரிந்துகொள்வோம். நம் குமரிக்கும் வந்தவர்தான். பெயர் வில்லியம் லாம்டன்.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். கணக்கில் கெட்டிக்காரர். ராணுவத்தில் சேர்ந்து வட அமெரிக்காவில் வேலை பார்த்தபோது, சூரிய கிரகணத்தை உற்றுப் பார்த்ததில் ஒரு கண்ணின் பார்வை கெட்டுப்போனது. (கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்க்காதே என்று ஆசிரியர்கள் சொல்வது சும்மா இல்லை!) பிறகு இந்தியா வந்தார்.

இந்த நாட்டை முக்கோணங்களாகப் பிரித்து அளக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் மற்ற இரு பக்கங்களையும் கணக்கிட்டுவிடலாம் அல்லவா? அந்த முதல் பக்கத்தை, 1802 ஏப்ரல் 10-ல் சென்னை பரங்கிமலைக்குப் பக்கத்தில் 100 அடி எஃகுச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். சுமார் 12 கிலோமீட்டர் அளக்க 57 நாட்கள் ஆயின.

கோணம் அளக்க லண்டனிலிருந்து தியோடலைட் என்ற கருவி வந்தது. எடை ஏறக்குறைய அரை டன்! வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்து மொரீஷியசுக்குக் கொண்டுபோனார்கள். அறிவியல் கருவி என்று தெரிந்ததும் பெருந்தன்மையாகச் சென்னைக்கு அனுப்பிவைத்தார்கள்.

அதன் உயிர்நாடி 36 அங்குல விட்டமுள்ள ஓர் உலோக வட்டம். உங்கள் கோணமானியைப் போலவே பாகைகள் குறித்தது. ஆனால் ஒரு பாகைக்குள் 60 நிமிடங்கள் உண்டு. ஒரே ஒரு நிமிடம் பிசகினாலும் 30 கிலோமீட்டர் தள்ளியுள்ள இடம் 9 மீட்டர் விலகிவிடும்.

1808-ல் தஞ்சாவூரில்தான் விபத்து நடந்தது. சமவெளியில் மலை கிடையாது. அதனால் பெரிய கோயிலின் உச்சிக்குக் கருவியைக் கயிறு கட்டி ஏற்றினார்கள். கயிறு ஒன்று அறுந்தது. கருவி சுவரில் மோதியது. வட்டம் நெளிந்துவிட்டது.

புதிய கருவி பாய்மரக் கப்பலில் வந்து சேரப் பல மாதங்கள் ஆகும். அதுவரை வேலை நிற்க வேண்டியதுதான். லாம்டன் கருவியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு கூடாரத்துக்குள் புகுந்தார். கைவினைஞர்களைத் தவிர யாருக்கும் உள்ளே அனுமதி இல்லை. பெரிய பலகை ஒன்றில், கருவியின் பழைய அளவுக்கே ஒரு வட்டம் வரைந்தார். ஆப்பு, திருகு, கப்பி இவற்றால் நெளிந்த வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, பலகையிலிருந்த கோட்டோடு பொருத்தினார். வளைந்த ஆரக்கால்களைச் சிறு மரச்சுத்தியலால் தட்டி நிமிர்த்தினார். ஆறு வாரத்தில் வட்டம் ஏறக்குறைய பழைய வடிவத்துக்கு வந்தது.

யோசித்துப் பாருங்கள். பலகையில் வரைந்த வட்டம் தப்பாக இருந்திருந்தால் அத்தனை உழைப்பும் வீண்! மையம் அசையக் கூடாது, ஆரம் மாறக் கூடாது. உங்கள் கவராயத்துக்கும் இதுதான் சோதனை. கடையிலேயே ஒரு வட்டம் போடுங்கள். தொடங்கிய புள்ளியில் கோடு வந்து சேர வேண்டும். அதன் மேலேயே இன்னொரு சுற்று சுற்றுங்கள். கோடு இரட்டையாகத் தெரிந்தால் கால்கள் ஆடுகின்றன என்று பொருள், அது வேண்டாம். திருகு இறுக்கமாக, ஊசி கூர்மையாக இருக்கட்டும். மூடும்போது ஊசி முனையும் பென்சில் முனையும் சமமாக நிற்க வேண்டும். பளபளப்பெல்லாம் அப்புறம்தான்.

அடுத்த ஆண்டே, 1809-ல், லாம்டன் தெற்கே வந்து சேர்ந்தார். அப்போது நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் மன்னராட்சியில் இருந்தது. குமரிமுனைக்கு அருகே, புன்னை என்ற இடத்திலுள்ள நிலையம் அவருடைய நீண்ட முக்கோணச் சங்கிலியின் தென்கோடி ஆனது. பிறகு வடக்கு நோக்கித் திரும்பினார்.

ஏறத்தாழ எழுபது வயதிலும் வேலையை விடவில்லை. மகாராஷ்டிரத்தின் ஹிங்கன்காட்டில் 1823 ஜனவரி 20-ல் முகாமிலேயே காலமானார். அவருக்குப்பின் ஜார்ஜ் எவரெஸ்ட் பொறுப்பேற்றார். தஞ்சாவூரில் அடிபட்ட அதே கருவியைச் செப்பனிட்டுப் பயன்படுத்தினார். சுமார் 2,400 கிலோமீட்டர் நீண்ட அந்த அளவை வேலை 1841-ல் இமயமலை அடிவாரத்தில் நிறைவடைந்தது.