அம்மா விட்டுச் சென்ற புதையல்



பள்ளிபாளையம் பாலத்தில் நின்று காவிரியைப் பார்த்திருக்கிறீர்களா? நம் நாமக்கல் மாவட்டத்தின் ஓரமாக ஓடும் அந்தக் காவிரி, கிழக்கே வெகுதூரம் சென்று பூம்புகாரில் கடலோடு கலக்கிறது. அங்கிருந்து கடற்கரை ஓரமாகத் தெற்கே போனால் தரங்கம்பாடி என்ற சிறிய ஊர் வரும். இப்போது அது மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கிறது.

1715-ஆம் ஆண்டு அந்த ஊரில் ஒரு தமிழ்ப் புத்தகம் அச்சாகி முடிந்தது. கிறிஸ்தவர்களின் வேதநூலான பைபிளின் இரண்டாம் பகுதி அது. புதிய ஏற்பாடு என்று அதற்குப் பெயர். இந்திய மொழிகளிலேயே முதன்முதலில் அச்சான புதிய ஏற்பாடு அதுதான்!

உங்கள் வகுப்பில் படிக்கும் கிறிஸ்தவ நண்பர்களின் வீட்டுக்குப் போயிருப்பீர்கள். காலையிலோ இரவிலோ குடும்பமாக உட்கார்ந்து பைபிள் படிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகள் வசனங்களை மனப்பாடம் செய்வார்கள். பாட்டி படித்த பைபிளின் அட்டை பிய்ந்து போயிருக்கும். ஆனாலும் அதைத் தூக்கிப் போட மாட்டார்கள். ஒரு புத்தகத்தின் மீது ஏன் இத்தனை பற்று?

இதற்கு விடை, தமிழில் அந்தப் புத்தகத்தை உருவாக்கியவரின் வாழ்க்கையிலேயே இருக்கிறது. அவர் பெயர் பர்த்தலோமேயு சீகன்பால்க்.

கண்ணீர் பட்ட பக்கங்கள்

ஜெர்மனி நாட்டில் புல்ஸ்நிட்ஸ் என்ற சிற்றூரில் 1682-ஆம் ஆண்டு சீகன்பால்க் பிறந்தார். அவருடைய தந்தை தானிய வியாபாரி. வீட்டில் அக்காமார்கள் இருந்தார்கள். இவர் சிறுவனாக இருக்கும்போதே தாய் கடுமையாக நோய்வாய்ப்பட்டார்.

இனிப் பிழைக்க மாட்டோம் என்று தெரிந்ததும், அந்தத் தாய் பிள்ளைகளைக் கட்டில் அருகே அழைத்தார். அவர்களுக்காக ஒரு பெரிய புதையலைச் சேர்த்து வைத்திருப்பதாகச் சொன்னார். பிள்ளைகளுக்கு வியப்பு! அது எங்கே இருக்கிறது என்று ஒரு மகள் கேட்டாள். பைபிளில் தேடினால் கிடைக்கும் என்றார் தாய். அதன் ஒவ்வொரு பக்கத்தையும் தம் கண்ணீரால் நனைத்திருப்பதாகவும் சொன்னார். இந்த நிகழ்ச்சி அவருடைய வாழ்க்கை வரலாற்றில் தவறாமல் சொல்லப்படுகிறது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்தத் தாய் பொன்னையோ நிலத்தையோ காட்டவில்லை. தாம் துன்பப்பட்ட நாட்களில் எல்லாம் பிரித்துப் படித்து, அழுது, ஆறுதல் அடைந்த புத்தகத்தைக் காட்டினார். பைபிள் வழியாகக் கடவுள் தங்களோடு பேசுகிறார் என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. அந்த நம்பிக்கையோடு படித்தால், அது கதைப் புத்தகம் போல ஒருமுறை படித்து மூடி வைக்கும் நூலாக இருக்காது அல்லவா?

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தத் தாயால் பைபிளைத் தாமே படிக்க முடிந்தது. ஏன் தெரியுமா? அது அவருடைய தாய்மொழியில் இருந்தது. முன்பெல்லாம் ஐரோப்பாவின் ஆலயங்களில் பைபிள் லத்தீன் மொழியில்தான் வாசிக்கப்பட்டது. சாதாரண மக்களுக்கு அது புரியாது. மார்ட்டின் லூதர் என்பவர் 1522-இல் புதிய ஏற்பாட்டையும், 1534-இல் முழு பைபிளையும் மக்கள் பேசும் ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். அதனால்தான் ஒரு தானிய வியாபாரியின் மனைவி கையிலும் அந்தப் புத்தகம் இருந்தது.

மணலில் எழுதிய மாணவர்

சில ஆண்டுகளில் தந்தையும் இறந்துபோனார். சீகன்பால்க் நோஞ்சான் உடம்புக்காரர். உடல்நலக் குறைவால் படிப்பு அடிக்கடி தடைப்பட்டது. ஆனாலும் விடாமல் முயன்று, ஹாலே நகரப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே ஃபிராங்கே என்ற பேராசிரியர் அவருக்கு வழிகாட்டியாக இருந்தார்.

அப்போது தரங்கம்பாடி டென்மார்க் நாட்டவரின் கையில் இருந்தது. 1620-இல் தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கருடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, அவர்கள் அங்கே கோட்டை கட்டி வியாபாரம் செய்து வந்தார்கள். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக், அந்த ஊருக்குச் சமயத் தொண்டு செய்ய ஆள் தேடினார். சீகன்பால்க்கும் அவருடைய நண்பர் புளூட்சோவும் புறப்பட்டார்கள். 1705 நவம்பரில் கிளம்பிய கப்பல், 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியை அடைந்தது. ஏழு மாதக் கடல் பயணம்! அப்போது சீகன்பால்க்குக்கு 24 வயதுகூட முழுதாக ஆகவில்லை.

வந்தவருக்குத் தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. என்ன செய்தார் தெரியுமா? ஒரு திண்ணைப் பள்ளி ஆசிரியரைத் தம் வீட்டுக்கே வந்து பாடம் நடத்தச் சொன்னார். சின்னக் குழந்தைகளோடு தாமும் தரையில் உட்கார்ந்தார். மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். பல்கலைக்கழகத்தில் படித்தவர் அவர். அதற்காக அவர் வெட்கப்படவில்லை. பிறகு அழகப்பன் என்பவரும் அவருக்கு மொழி கற்றுத் தந்தார்.

காலை 8 மணி முதல் நண்பகல் 12 மணி வரை தமிழ் நூல்களை மட்டுமே படிப்பது அவருடைய வழக்கம். அந்த நூல்கள் எல்லாம் ஓலைச் சுவடிகள். ஊர் ஊராக ஆள் அனுப்பிச் சுவடிகளைச் சேகரித்தார். தாம் சேர்த்த நூல்களுக்கு 1708-இல் ஒரு பட்டியலும் எழுதினார். நீங்கள் பள்ளியில் படிக்கும் கொன்றை வேந்தனையும் உலக நீதியையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தவர் அவர்! தம் வேதநூலை உயிராக மதித்தவர், பிறருடைய நூல்களையும் பொறுமையாக உட்கார்ந்து படித்தார்.

சிறைவாசம்

1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்க்கத் தொடங்கினார். அது முதலில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட நூல். ஒரு சொல்லுக்குச் சரியான தமிழ்ச் சொல் கிடைக்கும் வரை தேட வேண்டும். ஆனால் தொடங்கிய அடுத்த மாதமே வேலை நின்றுபோனது.

அந்த ஊரில் ஓர் ஏழை விதவை கடன் வழக்கு ஒன்றில் சிக்கித் தவித்தாள். சீகன்பால்க் அவளுக்காகப் பரிந்து பேசினார். விதவைகளுக்கும் திக்கற்றவர்களுக்கும் நீதி செய்ய வேண்டும் என்று பைபிள் பல இடங்களில் சொல்கிறது. அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க அவரால் முடியவில்லை. கோட்டையின் தளபதி ஹாசியஸுக்கு ஏற்கெனவே அவர் மீது கோபம். சீகன்பால்க்கைப் பிடித்துச் சிறையில் அடைத்துவிட்டார்.

நான்கு மாதங்கள்! 1709 மார்ச்சில்தான் விடுதலை கிடைத்தது. வெளியே வந்தவர் கப்பல் ஏறி ஊருக்குப் போய்விடவில்லை. விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தார். 1711 மார்ச்சில் மொழிபெயர்ப்பு முடிந்தது.

ஈய மூடியும் காகித ஆலையும்

மொழிபெயர்த்தாகிவிட்டது. மக்கள் கையில் எப்படிக் கொடுப்பது? ஓலையில் எழுத்தாணியால் ஒவ்வொரு பிரதியாக எழுதினால் எத்தனை காலம் ஆகும்! அச்சடித்தால்தான் எல்லோருக்கும் கிடைக்கும்.

தமிழ் அச்சு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1578-இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்ற தமிழ் நூல் அச்சானது. ஆனால் சீகன்பால்க் காலத்தில் தரங்கம்பாடியில் அச்சகம் இல்லை. லண்டனில் இருந்த கிறிஸ்தவச் சங்கம் ஒன்று ஓர் அச்சு இயந்திரத்தைக் கப்பலில் அனுப்பியது. வழியில் பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் கப்பலைப் பிடித்துவிட்டார்கள். பணம் கொடுத்து மீட்டார்கள். கூட வந்த அச்சுத் தொழிலாளியோ பயணத்திலேயே இறந்துபோனார். இயந்திரம் மட்டும் வந்து சேர்ந்தது!

தமிழ் எழுத்துகளை ஹாலே நகரில் வார்த்து அனுப்பினார்கள். பெட்டியைத் திறந்து பார்த்தால், எழுத்துகள் மிகவும் பெரியவை. அதில் அச்சடித்தால் ஏராளமான தாள் செலவாகும். ஆட்லர் என்ற தொழில்நுட்பம் தெரிந்தவர் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார். இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈய மூடிகளை உருக்கி எழுத்து வார்த்ததாகச் சொல்வார்கள். எதையும் வீணாக்கவில்லை, பார்த்தீர்களா!

அடுத்து காகிதத் தட்டுப்பாடு. பள்ளிபாளையத்தில் காகித ஆலை இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். இன்று ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டுமானால் கடையில் போய் வாங்கிவிடுகிறோம். அன்றைக்குத் தாள் கப்பலில் வர வேண்டும். எனவே தரங்கம்பாடிக்கு அருகே பொறையாறில் காகித ஆலை ஒன்றையும் தொடங்கினார்கள்.

1714-இல் முதல் பகுதி அச்சானது. அந்த ஆண்டு அக்டோபரில் சீகன்பால்க் ஐரோப்பாவுக்குப் புறப்பட வேண்டியிருந்தது. 1715 ஜூலையில் முழுப் புத்தகமும் அச்சாகி முடிந்தபோது, அதைப் பார்க்க அவர் ஊரில் இல்லை. நண்பர் கிருண்டலர்தான் பொறுப்பாக இருந்து முடித்தார்.

முடியாத வேலை

1716-இல் மனைவியுடன் திரும்பி வந்தார் சீகன்பால்க். 1718-இல் புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டி முடித்தார். பைபிளின் முதல் பகுதியான பழைய ஏற்பாட்டையும் தமிழாக்கி வந்தார். ரூத் என்ற நூல் வரை முடித்திருந்தார். அதற்குள் உடல் தளர்ந்துவிட்டது. 1719 பிப்ரவரி 23 அன்று காலமானார். அப்போது அவருக்கு வயது 36 மட்டுமே. அவர் கட்டிய ஆலயத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

அவர் விட்ட வேலையை ஷூல்ட்சே என்பவர் முடித்து, 1728-க்குள் பழைய ஏற்பாடும் அச்சானது. ஆனால் அந்த முதல் மொழிபெயர்ப்பின் தமிழ் கரடுமுரடாக இருந்தது. தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர் அக்காலத்திலேயே அதைக் குறை கூறியிருக்கிறார். குறை இருக்கிறது என்று யாரும் அதைக் கைவிட்டுவிடவில்லை. பெப்ரீசியஸ் என்ற அறிஞர் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து, புதிதாக மொழிபெயர்த்தார். பிறகு, யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் செய்த மொழிபெயர்ப்புக்குச் சைவப் பெரியார் ஆறுமுக நாவலர் தமிழ் உதவி செய்தார். போவர் தலைமையில் ஒரு குழு திருத்திய பைபிள் 1871-இல் வெளிவந்தது. ஒரு சொல் சரியாக அமைய வேண்டும் என்பதற்காக 150 ஆண்டுகளுக்கு மேல் எத்தனை பேர் விளக்கைத் தூண்டி வைத்துக்கொண்டு உழைத்திருக்கிறார்கள்!

இன்று நமக்கு என்ன?

கிறிஸ்தவர்கள் ஏன் பைபிளைப் புதையல் என்கிறார்கள் என்பது இப்போது புரிகிறதா? கடவுள் அதில் பேசுகிறார் என்று நம்புகிறார்கள். துக்கத்தில் ஆறுதலும், தவறு செய்யும்போது கண்டிப்பும் அதில் கிடைப்பதாகச் சொல்கிறார்கள். அதைத் தங்கள் மொழியில் கொடுப்பதற்காகச் சிலர் தங்கள் வாழ்நாளையே செலவழித்தார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

இன்றைக்கு முழு பைபிளும் செல்போனிலேயே கிடைக்கிறது. திருக்குறள், தேவாரம், குர்ஆன் எல்லாமே அப்படித்தான். காகித ஆலையும் வேண்டாம், ஈய எழுத்தும் வேண்டாம். ஆனால் அதே செல்போனில் அரை நிமிட வீடியோ ஒன்று முடிவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. காலையில் வந்த நல்ல செய்தியைப் படிக்காமலேயே இன்னொருவருக்கு அனுப்பிவிடுகிறோம். கண் நிறையப் பார்க்கிறது. மனதில் எதுவும் தங்குவதில்லை. நம் வயல்களில் மேலாக ஓடிவிடும் மழைநீர் வேருக்குப் போவதில்லை அல்லவா? படிப்பும் அப்படித்தான்.

இந்த அவசரமான காலத்திலும், ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்து, அதன்படி நடக்கப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். சீகன்பால்க்கின் தாய் அப்படித்தான் படித்தார். அவர் பைபிளை அலமாரியில் பூட்டி வைத்திருந்தால் பக்கங்கள் புதிதாகவே இருந்திருக்கும். பிள்ளைகளுக்கு அது புதையலாகவும் இருந்திருக்காது. பிரித்துப் படித்ததால்தான் அது புதையல் ஆனது.

செல்வங்களே! நீங்கள் எந்த மதத்தைச் சேர்ந்தவராகவும் இருக்கலாம். உங்கள் வீட்டிலும் தாத்தா, அப்பத்தா போற்றிய ஒரு நூல் இருக்கும். துணியில் சுற்றிப் பூஜை அறையிலோ பரண் மேலோ வைத்திருப்பார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை பெரியவர்களிடம் கேட்டு அதை எடுங்கள். செல்போனைத் தள்ளி வைத்துவிட்டு ஒரே ஒரு பக்கம் படியுங்கள். புரியாத சொல்லுக்குப் பொருள் கேளுங்கள். மறுநாளும் அதே பக்கத்தைப் படியுங்கள். அதில் உள்ள ஒரு நல்ல சொல்லையாவது அந்த வாரம் செய்து பாருங்கள்.

தரங்கம்பாடிக்குச் சுற்றுலா போகும் வாய்ப்புக் கிடைத்தால், கோட்டையோடு புதிய எருசலேம் ஆலயத்தையும் பார்த்து வாருங்கள். மணலில் அ, ஆ எழுதிய அந்த வெளிநாட்டு மாணவர் அங்கேதான் உறங்குகிறார்.