ஊரின் நாடி பிடித்த அறிஞர்

2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் நாள் எழுந்த கடற்கோள் குச்சவெளிக் கரையையும் விட்டுவைக்கவில்லை. அஃது அடங்கிச் சில மாதங்கள் கழிந்தபின், அளவு நாடா ஏந்திய சிலர் எம் கரைக்கு வந்தனர். வடக்கிலும் கிழக்கிலும் கடலோரத்திலிருந்து 200 மீற்றர் வரைக்கும் மீண்டும் வீடு கட்டுதல் கூடாது என்று அரசு அறிவித்திருந்த காலம் அது. தெற்கிலும் மேற்கிலும் அவ்வெல்லை 100 மீற்றராக இருந்தது. வந்தவர்கள் அளந்தார்கள், முளை அறைந்தார்கள், கயிறு கட்டினார்கள், சென்றுவிட்டார்கள். என்னிடம் பயின்ற மாணவன் ஒருவனின் தந்தையார் கரைவலை இழுப்பவர். அவருடைய வீடும் வாடியும் இருந்த இடம் கயிற்றுக்குக் கடற்புறமாய் அமைந்துவிட்டது. அவர் என்னிடம் கேட்டது ஒன்றே. வலையும் வள்ளமும் இங்கே கிடக்க, நான் அங்கே போய்ப் படுத்தால், விடியுமுன் கடலின் நிறத்தைப் பார்ப்பவர் யார் என்று கேட்டார். ஆசிரியனாகிய எனக்கு விடை தெரியவில்லை.

அகத்திணை கற்பித்தே தலை நரைத்தவன் நான். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துக்குரிய உணவும் தொழிலும் மரமும் புள்ளும் கருப்பொருள். மக்களின் வாழ்வொழுக்கம் உரிப்பொருள் எனத் தொல்காப்பியம் வகுத்த முறையை எத்தனையோ மாணவர்க்கு விளக்கியிருக்கிறேன். நெய்தல் நிலத்தானைக் கரையினின்று பெயர்த்துவைத்தால் முதலும் கருவும் உரியும் என்னாகும் என்ற வினா அன்றுதான் என் உள்ளத்தில் எழுந்தது. சில ஆண்டுகளின் பின், கொழும்பு நகரின் வளர்ச்சியைப் பற்றிய நூலொன்றைப் படிக்க நேர்ந்தது. அவ்வினாவை ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்கு முன்பே எழுப்பியவர் ஒருவரின் பெயரை அதிற் கண்டேன். அவர் தமிழர் அல்லர். தமிழ் அறிந்தவரும் அல்லர். ஸ்கொட்லாந்து நாட்டவரான பேட்ரிக் கெடிஸ் என்னும் அறிஞர் அவர். அன்னாரின் வரலாற்றை நம் மாணவர்க்குச் சொல்லுதல் என் கடன் எனக் கருதுகிறேன்.

கெடிஸ் 1854 ஆம் ஆண்டு ஒக்டோபர் 2 ஆம் நாள் பலட்டர் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் படையிற் பணியாற்றியவர். பேர்த் நகரையடுத்த குன்றுச்சாரலில் ஒரு சிறு வீட்டிலே பிள்ளை வளர்ந்தது. தோட்டத்தில் தந்தையோடு நட்டும் கொத்தியும், குன்றின்மேல் ஏறிக் கீழே கிடக்கும் ஆற்றையும் நகரையும் நோக்கியும் பெற்ற கல்வியே அவர்க்கு முதற்கல்வி. பின்னர்ச் சிறிது காலம் வங்கியொன்றில் வேலை பார்த்தார். தாவரவியல் பயில எடின்பரோப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தவர், அங்கு நடந்த பாடமுறை ஒவ்வாமையால் ஒரே வாரத்தில் வெளியேறிவிட்டார். இலண்டன் சென்று, உயிரியல் வல்லவரான தோமஸ் ஹக்ஸ்லியிடம் பயின்றார்.

1879 ஆம் ஆண்டில் ஆராய்ச்சி நிமித்தம் மெக்சிக்கோ நாட்டுக்குச் சென்றவிடத்து ஒரு பெருந்துன்பம் நேர்ந்தது. நோயுற்றுக் கண்பார்வை மங்கிற்று. பல வாரங்கள் இருட்டறையில் அடைந்து கிடந்தார். அந்நிலையிலும் அவர் உள்ளம் ஓய்ந்திருக்கவில்லை. சாளரத்தின் கண்ணாடிக் கட்டங்களைக் கையால் தடவி, கட்டத்துக்கு ஒரு கருத்தாக நிரப்பி, ஒன்றுக்கொன்று உள்ள உறவை எண்ணிப் பார்த்தார். பின்னர்த் தாளை மடித்துக் கட்டங்களாக்கிச் சிந்திக்கும் வழக்கம் அவரிடம் வாழ்நாள் முழுவதும் நிலைத்தது. பார்வை மீண்டது, ஆயினும் நுணுக்குக்காட்டியிற் குனிந்திருந்து செய்யும் ஆய்வை முன்போலத் தொடர இயலவில்லை. சிற்றுயிரை நோக்கிய கண் அதன்பின் ஊரை நோக்கத் திரும்பியது.

எடின்பரோ நகரின் பழைய பகுதி அக்காலத்தில் இரங்கத்தக்க நிலையில் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து செல்வர்கள் புதுநகர்ப் பகுதியில் மாளிகை கட்டிக் குடிபெயர்ந்தனர். அவர் விட்டுச்சென்ற உயர்ந்த வீடுகளில் ஏழைகள் ஒரு அறைக்கு ஒரு குடும்பமாய் நெருங்கினர். ஊர் ஒன்றே, ஆனால் அதில் வாழ்வோர் மாறினர், வாழ்வும் மாறியது. 1886 இல் அன்னா மோர்ட்டன் என்னும் நற்குண மங்கையை மணந்த கெடிஸ், மறு ஆண்டிலே மனைவியோடு அந்த ஏழைகளின் நடுவே ஜேம்ஸ் கோர்ட் என்னும் முற்றத்திற் குடிபுகுந்தார். முற்றத்தைக் கூட்டினார், சுவருக்கு வெள்ளை அடித்தார், சாளரங்களிற் பூச்செடி வைத்தார். அயலாரும் துணைநின்றனர். இடிக்கத்தக்கதை மட்டும் இடித்து, காற்றும் ஒளியும் வர வழிசெய்து, ஏனையவற்றைச் செப்பனிட்டார். மாணவர் தாமே நடத்தும் விடுதியும் நிறுவினார். தம் வசதிக்கு மிஞ்சிச் செலவிட்டமையாற் கடன் பெருகிற்று. 1896 இல் நண்பர்கள் ஒரு சங்கம் அமைத்து அச்சுமையை ஏற்றனர். 1888 முதல் 1919 வரை டண்டி நகரக் கல்லூரியிலே தாவரவியற் பேராசிரியராய் இருந்ததும் அவருக்குப் பிழைப்புக்கு வழியாயிற்று.

1892 இல் எடின்பரோக் கோட்டைக்கு அண்மையிலிருந்த ஒரு கோபுரத்தை அவர் பெற்றார். உச்சியில் நகரின் உருவத்தை மேசைமீது வீழ்த்திக் காட்டும் கருவி இருந்தது. அதற்குக் கீழ்த்தளத்தில் எடின்பரோ; அதன் கீழ் ஸ்கொட்லாந்து; பின் ஐரோப்பா; அடித்தளத்தில் உலகம். தன் ஊரைக் கண்டவனே உலகைக் காணத் தக்கவன் என்பது அக்கோபுரம் கற்பித்த பாடம். அங்கிருந்தே அவருடைய தலையாய கொள்கையும் உருவாயிற்று. இடம், தொழில், மக்கள் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று ஆக்குவன. பிரித்து நோக்கினால் மூன்றும் பொருளிழக்கும் என்றார். இதனை விளக்க ஒரு படம் வரைந்தார். மலையிலிருந்து கடல்வரை சரிந்து செல்லும் ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கு. அதில் மலையிலே சுரங்கத் தொழிலாளியும் மரம் வெட்டுவோனும், அடுத்து வேடன், ஆயன், உழவன், கடலோரத்திலே மீனவன். இப்படத்தை முதன்முதற் கண்டபோது நான் வியப்புற்றேன். குறிஞ்சியும் முல்லையும் மருதமும் நெய்தலும் ஒரே தாளில் நிரலாய் நின்றன. நம் முன்னோர் அகவாழ்வுக்கு வகுத்த முறையை, அவர் தாமாகவே ஊர் அமைப்புக்குக் கண்டிருந்தார்.

1914 இல், சென்னை ஆளுநராயிருந்த பெண்ட்லாண்ட் பிரபு அவரை அழைத்தார். நகரங்களைப் பற்றிய படங்களும் வரைபடங்களும் அடங்கிய கண்காட்சியோடு கெடிஸ் புறப்பட்டார். பொருள்கள் வேறொரு கப்பலில் வந்தன. அவ்வாண்டு செப்டெம்பரிற் சென்னையைப் பீரங்கியால் தாக்கிய எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பலை அறியாதார் யார்? அடங்காத பிள்ளையை எம்டன் என்று இன்றும் நாம் ஏசுகிறோம் அன்றோ? அந்த எம்டனே ஒக்டோபர் மாதத்தில் கெடிசின் பொருள்கள் வந்த கப்பலையும் கடலில் மூழ்கடித்தது. பல்லாண்டு உழைப்பு ஒரு நாளில் அழிந்தது. அறுபது வயதினரான அவர் சோரவில்லை. நண்பர்கள் ஐரோப்பாவில் மீண்டும் படங்கள் திரட்டி அனுப்ப, 1915 தொடக்கத்திற் சென்னையில் கண்காட்சி நடைபெற்றது.

அதன்பின் சென்னை மாகாணத்து நகரங்களுக்கு ஒவ்வொன்றாகச் சென்றார். அவருடைய முறை எளியது. விடியலில் எழுந்து தெருத்தெருவாக நடப்பார். கிணறு எங்கே, மரநிழல் எங்கே, பெண்டிர் நீரெடுக்கும் வழி எது, தேர் திரும்பும் மூலை எது என்று காண்பார். காணாது வரைதல் ஆகாது. நோயறியாது மருந்திடல் ஆகாது என்பது அவர் துணிபு. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தைப் படித்தவர்க்கு இது புதிதன்று. தஞ்சைக் கோட்டைப் பகுதியிலே, நெருங்கிய வீடுகளை இடித்து நேர்கோட்டில் அகலத் தெருக்கள் வெட்டும் திட்டம் இருந்தது. கெடிஸ் அதனை ஏற்கவில்லை. பாழடைந்த சில வீடுகளை மட்டும் அகற்றி, கிடைத்த வெளியில் மரம் நட்டு, வளைந்த சந்துகளைச் சற்றே விரித்தால் போதும். செலவும் சிறிது, வீடிழப்போரும் சிலர் என்று காட்டினார். நல்ல சத்திரவைத்தியன் கெட்ட தசையை மட்டும் அறுத்து உறுப்பைக் காப்பதுபோன்றது இம்முறை. கோயிலைச் சூழ்ந்து மாடவீதிகளாய் விரியும் நம் நகர அமைப்பை அவர் பெரிதும் மதித்தார். கொசுவை ஒழிக்கக் குளத்தைத் தூர்க்க வேண்டும் என்றோரிடம், மீனும் வாத்தும் விட்டுக் குளத்தைக் காக்கலாமே என்றார்.

1917 அவருக்குக் கொடிய ஆண்டு. ஏப்பிரலில் மூத்த மகன் அலஸ்டேர் பிரான்சுப் போர்முனையில் மாண்டான். இந்தியாவில் அவருடன் இருந்த மனைவி அப்போது நோய்ப்படுக்கையிற் கிடந்தார். மகன் இறந்த செய்தியை அவர் செவியிற் போடாமலே கணவர் காத்தார். ஜூன் மாதத்தில் அவ்வம்மையாரும் உயிர்நீத்தார். முப்பது ஆண்டுத் துணையை இழந்த கெடிஸ் பணியில் ஆழ்ந்து துயரை ஆற்றினார். கொள்ளைநோய் வாட்டிய இந்தோர் நகரில், தீபாவளி ஊர்வலம் துப்புரவான தெருக்கள் வழியே செல்லும் என்று அறிவிக்கச் செய்தார். வீடுதோறும் குப்பை அகன்றது. ஊர்வலத்தில் நகரத் துப்புரவாளர்கள் வெள்ளாடை உடுத்து மாலை அணிந்து சென்றனர் என அவர் வரலாறு எழுதினோர் கூறுவர். ஊரை உய்விப்பவர் யார் என்பதை ஊரே கண்டது. இந்தோரைப் பற்றிய அவரது அறிக்கை 1918 இல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. 1919 இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்திற் சமூகவியற் பேராசிரியரானார்.

அவர் நம் இலங்கையையும் மறக்கவில்லை. இரண்டரை இலட்சத்தை நெருங்கிய மக்கள் வாழ்ந்த கொழும்பு நகருக்கு 1921 இல் ஒரு முன்னோடி அறிக்கை எழுதினார். கொழும்பைக் கிழக்கின் பூங்கா நகராக்கும் எண்ணத்தோடு அவர் பெயர் இன்றும் இணைத்துப் பேசப்படுகிறது.

அதே காலத்தில் அமெரிக்காவிலே வேறொரு முறை வேரூன்றியது. இது குடியிருப்பு வலயம், இது வணிக வலயம், இது தொழிற்சாலை வலயம் என வரைபடத்திற் கோடிட்டு ஊரைப் பிரிக்கும் சட்டத்தை 1916 இல் நியூயோர்க் இயற்றியது. ஒஹாயோ மாநிலத்து யூக்கிளிட் என்னும் ஊரின் வழக்கில் அந்நாட்டு உயர்நீதிமன்றம் 1926 இல் அத்தகைய சட்டத்தைச் செல்லுமென்றது. நச்சுப்புகையை வீட்டினின்று விலக்குதல் நன்றே. ஆயின் கோடு தொழிலையும் வீட்டையும் பிரித்தது. பல ஊர்களில் எளியாரையும் வலியாரையும் பிரிக்கவும் பயன்பட்டது. கெடிஸ் காட்டிய வழியோ கோட்டுக்கு முன் கணக்கெடுப்பை வைத்தது.

அவர்பாற் குறையில்லை என்று நான் சொல்லேன். அவர் எழுத்து கடினமானது. பேச்சுத் தாடிக்குள்ளேயே அடங்கிவிடும். அவருடைய அறிக்கைகள் பல ஏட்டளவில் நின்றன. அதனினும் பெரிய குறையொன்றுண்டு. ஆளுநரும் அரசரும் அழைத்த இடத்துக்கே அவர் சென்றார். ஊராரைக் கேட்டறிந்தார், ஆனால் முடிவு ஊரார் கையில் இருக்கவில்லை. 1925 இல் டெல் அவீவ் நகருக்கு அவர் வகுத்த திட்டம் பெரும்பாலும் நிறைவேறிற்று. வந்து குடியேறுவோர்க்கு அது நல்ல நகராயிற்று. அதன் அயலே பழைய துறைமுக நகராகிய யாப்பா இருந்தது. 1948 போரில் அந்நகரத்து அராபியரில் மிகப் பெரும்பாலோர் ஊரிழந்து அகன்றனர். கெடிஸ் அதனைக் காண உயிரோடு இல்லை. ஆயினும், வருவோர்க்கு வகுக்கும் திட்டம் முன்னரே அயலில் இருப்போரையும் எண்ண வேண்டும் என்னும் பாடத்தை அவர் வரலாற்றோடு சேர்த்தே நாம் படித்தல் வேண்டும்.

1924 இல் தென் பிரான்சின் மொன்பெலியே நகரிற் குடியமர்ந்து, தம் நாட்டு மாணவர்க்கு ஒரு கல்லூரி கட்டினார். 1932 இல் சேர் பட்டம் கிடைத்தது. அவ்வாண்டே ஏப்பிரல் 17 ஆம் நாள் அங்கேயே காலமானார்.

எம் ஊர்க் கதைக்கு மீள்கிறேன். ஓராண்டுக்குள் அந்த 200 மீற்றர் எல்லை தளர்த்தப்பட்டது. முளைகளை மணல் மூடியது. போர் முடிந்தபின் எம் கரையிற் சுற்றுலாவுக்கென வேறு வலயம் வந்தது. திருகோணமலை மாவட்டத்தில் 1981 இல் ஏறக்குறைய இரண்டரை இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். 2012 இல் அத்தொகை 3,80,000 அளவாயிற்று. இடைப்பட்ட முப்பத்தோராண்டிற் போர் காரணமாக ஒரு முழுமையான குடிசன மதிப்பும் இங்கு நடைபெறவில்லை. இடம்பெயர்ந்தவர் எத்தனை பேர், மீண்டவர் எத்தனை பேர், புதிதாய் வந்தவர் எத்தனை பேர் என்று எண்ணாத காலத்திலும் கோடுகள் மட்டும் வரையப்பட்டன.

ஆதலால் ஆண்டுதோறும் நெய்தற்றிணை கற்பித்து முடித்ததும், என் மாணவரைக் கரைக்கு அனுப்புகிறேன். கிணறுகளையும் வாடிகளையும் வலை உலர்த்தும் வெளிகளையும் எண்ணி, ஒவ்வொன்றும் யாருடையது, எத்தனை தலைமுறையாய் உள்ளது எனக் கேட்டுப் பயிற்சிப் புத்தகத்திற் குறித்து வருகிறார்கள். சென்ற ஆண்டு அவர்கள் வரைந்த படத்தில், அச்சிட்ட வரைபடத்தில் இல்லாத பதினொரு வாடிகள் இருந்தன. அவற்றுள் ஒன்று, அன்று என்னிடம் கேள்வி கேட்ட அந்தக் கரைவலைக்காரருடையது. அந்தப் புத்தகங்களைக் கட்டிப் பாடசாலை அலுமாரியில் வைத்திருக்கிறேன். அடுத்த முறை அளவு நாடாவோடு வருவோர்க்கு முதலில் அவற்றைக் கொடுக்க வேண்டும்.