துயரில் துணைநின்ற சுவடிகள்

மானிடப் பிறவி எடுத்த எவர்க்கும் துன்பம் வாராதொழிதல் இல்லை. செல்வர்க்கும் வறியர்க்கும், கற்றார்க்கும் கல்லாதார்க்கும் அது வந்தே தீரும். வந்தபொழுது எதனைப் பற்றிக்கொள்வது என்பதிலேதான் மக்களுள் வேறுபாடு காணப்படுகிறது. சிலர் சுற்றத்தாரை நாடுவர். சிலர் தலயாத்திரை மேற்கொள்வர். சிலர் மனமுடைந்து செயலற்று இருந்துவிடுவர். பெரியோர் இயற்றிய நூல்களைப் பற்றிக்கொண்டு துயர்க்கடலைக் கடந்தோர் மிகச் சிலரே. அச்சிலருள் தலைசிறந்தவர், தமிழுலகம் தமிழ்த்தாத்தா என்று போற்றும் மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள். திருக்கோயிற் குடமுழுக்கு நிகழும் இந்நன்னாளில் அவர்தம் வரலாற்றின் இப்பகுதியைச் சிந்தித்தல் அடியார்கட்குப் பயன்தரும் என்பது எமது துணிபு.

சோழவளநாட்டில், பாபநாசத்திற்கு அண்மையிலுள்ள உத்தமதானபுரத்துக் குடும்பத்தில் 1855-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 19-ஆம் நாள் ஐயரவர்கள் தோன்றினார். தந்தையார் வேங்கடசுப்பையர், கனம் கிருஷ்ணையரிடம் இசை பயின்றவர். பாடியும் புராணப் பிரசங்கம் செய்தும் வரும் சிறு வருவாயைக் கொண்டு குடும்பத்தைப் பேணியவர். ஓரூரில் நிலையாக இருத்தற்கு வசதி இல்லை. அரியலூர், குன்னம், செங்கணம் எனப் பல ஊர்களில் மாறி மாறி வாழ்ந்தனர். அன்பர் சிலர் அளிக்கும் நெல்லும் பொருளுமே ஆதாரம். இத்தகைய நிலையிலும் அவ்விளைஞரின் உள்ளம் தமிழ் நூல்களையே விரும்பியது. மகனுக்கு இசையே வரவேண்டும் என்று எண்ணிய தந்தையாரும், அவ்வார்வத்தைக் கண்டபின், ஊர்தோறும் ஆசிரியரைத் தேடி அவரிருக்கும் இடத்திற்கே குடிபெயர்ந்தார். மகனுடைய கல்விக்காகக் குடும்பமே அலைந்தது என்றால் மிகையன்று.

1871-ஆம் ஆண்டில் ஐயரவர்கள் மாயூரம் சென்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களைச் சரணடைந்தார். பிள்ளையவர்கள் இருபதுக்கு மேற்பட்ட தலபுராணங்களைப் பாடியருளிய பெருங்கவிஞர். எனினும் வறுமையையும் கடனையும் வாழ்நாள் முழுதும் சுமந்தவர். வேங்கடராமன் என்னும் பெயருடன் வந்த மாணவருக்குச் சாமிநாதன் எனப் பெயர் வழங்கியவரும் அவரே. பிள்ளையவர்கள் வீட்டுத் தோட்டத்துச் செடிகளிடம் பேரன்பு உடையவர் என்பதை உணர்ந்த மாணவர், நாள்தோறும் விடியலில் எழுந்து புதிய தளிர்கள் எங்கெங்கே விட்டிருக்கின்றன என்று பார்த்து வைத்துக்கொண்டு ஆசிரியருக்குக் காட்டுவார். அவ்வழியே ஆசிரியரின் அன்பு பெருகியது, பாடமும் பெருகியது.

பின்னர் ஆசிரியருடன் திருவாவடுதுறை ஆதீனம் சார்ந்தபொழுது, பதினாறாம் பட்டத்து மேலகரம் சுப்பிரமணிய தேசிகரின் அருள்நோக்கும் கிடைத்தது. இடையே ஐயரவர்கள் அம்மை நோய்க்கு ஆளாகி, தாயைப் பெற்ற பாட்டனாரின் ஊராகிய சூரியமூலையிற் படுத்த படுக்கையாயினார். உயிர்பிழைத்து எழுந்ததும் அவர் நாடிச் சென்றது ஆசிரியரின் திருவடியையும் பாடத்தையுமே.

இங்ஙனம் ஏறத்தாழ ஐந்தாண்டு கழிந்தது. அதன்பின் வந்தது பெருந்துயரம். பிள்ளையவர்கள் திருவாவடுதுறையில் நோயுற்று நாளுக்குநாள் மெலிந்தார். 1876-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் முதல் நாள் இறுதிவேளை நெருங்கியது. கிறித்தவ சமயத்தவராகிய சவேரிநாத பிள்ளை என்னும் மாணாக்கர் ஆசிரியரைத் தம் மார்பிற் சார்த்தித் தாங்கிக்கொண்டிருந்தார். ஆசிரியரின் விருப்பத்தை உணர்ந்த ஐயரவர்கள் திருவாசகத்தைக் கையிலெடுத்து அடைக்கலப்பத்தை ஓதினார். அவ்வோசை செவியிற் புக, பிள்ளையவர்கள் சிவபிரான் திருவடி நிழலை எய்தினார்.

அன்பர்கள் இந்நிகழ்ச்சியை ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். வாழ்நாளெல்லாம் பல்லாயிரம் பாடல் பாடியவர் அவர். இறுதியில் அவர் கேட்க விரும்பியது தம் பாடலை அன்று. மாணிக்கவாசகப் பெருமான் திருவாக்கையே. ஓதிய மாணவருக்கோ வயது இருபத்தொன்றும் நிரம்பவில்லை. கண்ணீர் மல்க, குரல் தழுதழுக்க, நெஞ்சு நடுங்கிய நேரத்திலும் அவர் கையிலிருந்தது ஒரு நூல். சாகின்றவருக்கும் இருக்கின்றவருக்கும் ஒருங்கே பற்றுக்கோடாய் நின்றது அந்நூல். இறந்தார் வீட்டில் திருவாசகம் ஓதும் நம் மரபின் உட்பொருளும் இதுவே. ஓதுதல் உயிர் நீத்தார்க்கு மட்டும் அன்று. அழுது நிற்போர்க்கும் அது மருந்தாம்.

ஆசிரியரை இழந்த மாணவரின் நிலை இரங்கத்தக்கது. கற்க எண்ணியது முற்றுப்பெறவில்லை, உத்தியோகம் இல்லை, முதிய பெற்றோரையும் மனைவியையும் காக்கும் கடமை முன்னின்றது. இந்நிலையிற் சுப்பிரமணிய தேசிகர் அவரைத் தேற்றிய முறை அறிந்து மகிழத்தக்கது. வெறும் ஆறுதல் மொழிகளோடு அவர் அமையவில்லை. மடத்திலேயே இருக்கச் செய்து, தாமே பாடஞ் சொல்லத் தொடங்கினார். இளந்தம்பிரான்களுக்கும் பிறர்க்கும் பாடஞ் சொல்லும் பணியையும் ஐயரவர்களிடம் ஒப்புவித்தார். பெற்றோருடன் குடியிருக்க வீடும் அளித்தார். துயருற்றவனைச் சும்மா இருக்க விடலாகாது. கற்கவும் கற்பிக்கவும் செய்தல் வேண்டும் என்பதை அப்பெரியார் உணர்ந்திருந்தார். தம் ஆசிரியரிடம் கேட்டதைப் பிறருக்குச் சொல்லுந்தோறும், மறைந்த ஆசிரியர் தம்முடன் இருப்பதாகவே ஐயரவர்களுக்குத் தோன்றியிருத்தல் இயல்பே.

1880-ஆம் ஆண்டில், தியாகராச செட்டியாரின் நன்முயற்சியால், கும்பகோணம் கல்லூரியில் அவர் வகித்துவந்த தமிழாசிரியர் பதவி ஐயரவர்களுக்குக் கிடைத்தது. அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில், அங்கே மாவட்ட முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியாரைக் கண்டார். தாம் படித்த அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் ஐயரவர்கள் அடுக்கிக் கூற, முதலியார் அவற்றால் நிறைவுறாது சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா என வினவினார். ஐயரவர்களின் வாழ்க்கை அன்று புதுவழியில் திரும்பிற்று. சைவ மடத்திற் பயின்றவர் சமண நூலை ஆராய்வதா எனச் சிலர் குறைகூறினர். அவர் கும்பகோணத்துச் சைனர்களிடம் சென்று அச்சமயக் கருத்துக்களைக் கேட்டறிந்தார். கையொப்பஞ் சேர்த்தும் பொருள் தேடியும், கல்லூரி விடுமுறைகளிற் சென்னை சென்று அச்சுப் பார்த்தும், நச்சினார்க்கினியர் உரையுடன் சிந்தாமணியை 1887-ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

அந்த மகிழ்ச்சி நெடுநாள் நிலைக்கவில்லை. 1888-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஒரே திங்களில், தந்தைபோற் காத்த சுப்பிரமணிய தேசிகரும், வாழ்வளித்த தியாகராச செட்டியாரும் அடுத்தடுத்து மறைந்தனர். அவர்தம் உழைப்பு நின்றுவிடவில்லை. மறு ஆண்டிலே பத்துப்பாட்டு வெளிவந்தது. 1892-இற் சிலப்பதிகாரம் வந்தது. 1893-இல், புறநானூற்று வேலை நடந்துகொண்டிருந்தபோது, தந்தையார் காலமானார். புறநானூறு 1894-இல் வெளிவந்தது. 1898-இல் மணிமேகலை தொடர்ந்தது. ஒவ்வோர் இழப்பிற்குப் பின்னும் ஒரு நூல் உயிர்பெற்று எழுவதை இவ்வரலாற்றிற் காண்கிறோம். ஒடிந்த ஏடுகளையும் புழு அரித்த எழுத்துக்களையும் நோக்கி, ஒரு சொல்லின் உண்மை வடிவத்தை நாட்கணக்கில் தேடும் மனத்திற்குத் தன் துயரை எண்ணிச் சோர்ந்திருக்க நேரம் ஏது?

சுவடி தேடிச் சென்ற இடங்களில் அவர் கண்ட துன்பங்கள் பல. அவற்றுள் கரிவலம்வந்தநல்லூர் நிகழ்ச்சி திருக்கோயில் அன்பர்கள் யாவரும் அறிய வேண்டுவது. அங்கே வரகுணராம பாண்டியர் காலத்துச் சுவடிகள் கோயிலில் இருந்தன என்று கேள்வியுற்று ஐயரவர்கள் ஆவலோடு சென்றார். பழுதுற்ற ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இடுதல் விதி என்று எண்ணி, அவற்றை ஆகுதி செய்துவிட்டதாக அங்கிருந்தோர் கூறினர். கேட்ட ஐயரவர்களின் நெஞ்சம் எவ்வாறு துடித்திருக்கும்! தீயில் இட்டவர் பகைவர் அல்லர். கோயிலிடத்துப் பக்தி உடையவர்களே. அறியாமையோடு கூடிய பக்தியும் அழிவு செய்யக்கூடும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா. அத்துயரமும் அவரை முடக்கவில்லை. எஞ்சியவற்றையேனும் காப்பேன் என்னும் உறுதியையே வளர்த்தது.

1903-இற் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறி, 1919 வரையில் அங்கே பணியாற்றினார். 1906-இல் மகாமகோபாத்தியாயர் என்னும் பட்டமும், 1932-இற் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் வந்தன. புகழ் வந்தபின்னும் நன்றி மறந்தாரல்லர். திருவல்லிக்கேணியில் வாழ்ந்த இல்லத்திற்குத் தியாகராச விலாசம் என்று பெயரிட்டார். தம் ஆசிரியரின் வரலாற்றை 1933, 1934-ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளியிட்டார். அன்று திருவாசகம் ஓதிய இளைஞர், ஐம்பத்தேழு ஆண்டு கழித்து, எழுபத்தெட்டாம் வயதில், அவ்வாசிரியரை நூல்வடிவில் நம் முன்னே நிறுத்தினார். நூலால் ஆறுதல் பெற்றவர், அத்துயரையே பிறர் பயிலும் நூலாக்கித் தந்தார்.

இரண்டாம் உலகப்போரின்போது சென்னையைவிட்டுத் திருக்கழுக்குன்றம் சென்று தங்கிய ஐயரவர்கள், 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் அங்கேயே இறைவன் திருவடி சேர்ந்தார். தன் வரலாறாகிய என் சரித்திரம் முற்றுப்பெறாமலே நின்றது. அவர் தொகுத்த சுவடிகளும் நூல்களும் 1943-இல் நிறுவப்பெற்ற அவர் பெயரிய நூல்நிலையத்திற் பாதுகாக்கப்பெற்று வருகின்றன.

அன்பர்களே! பழுதுற்ற விமானத்தைச் சீர்செய்து, மருந்து சாத்தி, கலசம் ஏற்றிக் குடமுழுக்குக் காணும் பேறு நமக்கு வாய்த்துள்ளது. சிதைந்த ஏடுகளைச் சேர்த்துச் செப்பம் செய்த ஐயரவர்களின் பணியும் இதனையொத்த திருப்பணியே. கல்லாலாகிய கோயில் ஊரில் நிற்கிறது. சொல்லாலாகிய கோயில் உள்ளத்தில் நிற்கிறது. திருப்பணிக்கு வாரி வழங்கிய கைகள், திருமுறை நூல் ஒன்றேனும் தத்தம் இல்லத்தில் வைத்து நாள்தோறும் ஓதும் பணியையும் மேற்கொள்ளல் வேண்டும். பழஞ்சுவடி எங்கேனும் கிடைக்குமாயின், அதனை அறிந்தார் கையிற் சேர்ப்பித்தல் வேண்டும். இன்பக்காலத்து ஓதிய நூலே துன்பக்காலத்துக் கைகொடுக்கும். துயர் வந்தபின் தேடினால் அது நம்மை அறியாது. நாமும் அதனை அறியோம்.

இத்திருப்பணியில் ஈடுபட்ட மெய்யன்பர் யாவரும் எல்லா நலங்களும் பெற்று நீடு வாழ, எல்லாம்வல்ல அம்மையப்பரின் திருவடிகளை இறைஞ்சுகிறேன். திருச்சிற்றம்பலம்.