கலீபா வீட்டுக் கணக்கு

கலீபா உமர் பின் அப்துல் அஜீஸ் (ரஹ்) அவர்களைப் பற்றி எழுதுவோரும் பயான் செய்வோரும் அன்னார் நாட்டை எப்படி ஆண்டார்கள் என்பதையே விரித்துச் சொல்கிறார்கள். அரசாங்க விளக்கை அணைத்துவிட்டுச் சொந்த விளக்கை ஏற்றிக்கொண்ட செய்தியை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவார்கள். ஆனால் அந்த வீட்டின் வரவு என்ன, செலவு என்ன, அதைக் கணவரும் மனைவியும் எப்படித் தமக்குள் பேசித் தீர்த்துக்கொண்டார்கள் என்பது அதிகம் பேசப்படுவதில்லை. அதையே இங்கு சொல்ல விழைகிறோம்.

அன்னார் ஏழையாகப் பிறந்தவரல்லர். ஹிஜ்ரி 61-ஐ ஒட்டிப் பிறந்தார்கள். தந்தை அப்துல் அஜீஸ், எகிப்தின் ஆளுநர். தாயார் உம்மு ஆஸிம், ஹலரத் உமர் ஃபாரூக் (ரலி) அவர்களின் பேத்தி. கலீபா அப்துல் மலிக் தம் மகள் பாத்திமாவை அன்னாருக்கு நிகாஹ் செய்து கொடுத்தார்கள். இந்த அம்மையார் கலீபாவின் மகள், கலீபாவின் பேத்தி, கலீபாவின் மனைவி. அன்னாரின் சகோதரர்கள் வலீத், சுலைமான், யஸீத், ஹிஷாம் ஆகிய நால்வரும் அடுத்தடுத்த காலங்களில் கலீபாக்களானார்கள். இத்தகைய சீமாட்டி உலகில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்!

ஹிஜ்ரி 87-ல் (706) உமர் அவர்கள் மதீனாவின் ஆளுநராகப் போனபோது சாமான்களைச் சுமக்க 30 ஒட்டகங்கள் வேண்டியிருந்தன என நூல்களில் காண்கிறோம். அன்னார் பூசும் அத்தர் அவர்கள் கடந்து சென்ற பிறகும் தெருவில் மணக்கும். அன்னாரின் நடையைப் பார்த்து ஊர்ப் பெண்பிள்ளைகள் அதுபோல் நடந்து பழகினார்களாம். பாத்திமா அம்மையார் கைப்பிடித்த மாப்பிள்ளை அவர்தாம்.

ஹிஜ்ரி 99 ஸபர் மாதத்தில் (717) சுலைமான் வஃபாத்தாகி, அவர் எழுதிவைத்த உயிலின்படி உமர் அவர்கள் கலீபா ஆனார்கள். அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தின் வாழ்க்கை தலைகீழானது. முதலில் தம் சொத்துகளைக் கையில் எடுத்தார்கள். உமய்யாக் குடும்பத்தார் தமக்குத் தந்திருந்த நிலங்களின் பத்திரங்களைக் கொண்டுவரச் செய்து, ஊழியர் முஸாஹிம் ஒவ்வொன்றாய்ப் படிக்கப் படிக்க, கத்தரியால் துண்டு துண்டாக வெட்டிப் போட்டார்கள். லுஹர் பாங்கு சொல்லும்வரை இது நடந்தது. வலீத் கொடுத்த மோதிரக் கல்லைக்கூட விட்டுவைக்கவில்லை. முறையாகத் தமக்குக் கிடைத்த பணத்தில் உண்டாக்கிய ஸுவைதா நிலத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். இத்தனையும் முடிந்த பிறகுதான் மனைவியிடம் வந்தார்கள். இந்த வரிசையை வாசகர்கள் நன்கு கவனிக்க வேண்டுகிறோம்.

பாத்திமா அம்மையாரிடம் தந்தை அப்துல் மலிக் அன்பளிப்பாகத் தந்த நகைகள் இருந்தன. அதற்கு நிகரானதை எவரும் கண்டதில்லை என்பார்கள். மனைவியின் பொருள் மனைவிக்கே சொந்தம் என்பது மார்க்கச் சட்டம். மஹரோ, பெற்றோர் தந்த நகையோ, அவள் சம்பாதித்ததோ எதுவானாலும், அவள் மனம் ஒப்பித் தந்தாலன்றி ஒரு வெள்ளி மோதிரத்தைக்கூட எடுக்கக் கணவனுக்கு உரிமையில்லை. இது உமர் அவர்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்த நகைகள் பைத்துல்மாலின் பணத்தில் வந்தவை, முஸ்லிம்கள் அனைவருக்கும் சேர வேண்டியவை என்பது அன்னாரின் உறுதியான எண்ணம். ஆகவே கட்டளை இடவில்லை, பறிக்கவுமில்லை. நகைகளைப் பைத்துல்மாலில் சேர்த்துவிடலாம், அல்லது தம்மைப் பிரிய அனுமதி தரலாம், அந்த நகைகளோடு ஒரே வீட்டில் வாழத் தம்மால் இயலாது என்று விஷயத்தை அம்மையாரின் முன் வைத்து, முடிவை அவர்களிடமே விட்டார்கள். அம்மையார் தயங்கவில்லை. அதைப்போல் பன்மடங்கு இருந்தாலும் கணவரையே தேர்ந்தெடுப்பேன் என்று கூறி, நகைகளைக் கொடுத்துவிட்டார்கள்.

தம் வியாபார நஷ்டத்துக்கும் கடனுக்கும் மனைவியின் நகையைக் கேட்கும் கணவன்மார் சிலர், இந்த வரலாற்றைத் தமக்குச் சாதகமாக எடுத்துக்காட்டுவதை நாம் கேட்டிருக்கிறோம். அதில் ஒரு திர்ஹமாவது உமர் அவர்களின் பைக்குள் போயிற்றா? தம் பத்திரங்களை அவர்கள் முதலில் வெட்டவில்லையா? எடுத்துக்காட்டுபவர்கள் இவ்விரண்டுக்கும் பதில் சொல்லட்டும்.

அதன்பின் அந்த வீட்டில் பருப்பும் வெங்காயமுமே பெரும்பாலும் உணவு. ஓர் இரவு பெண்மக்கள் வாயைக் கையால் மூடிக்கொண்டு ஒதுங்கினார்கள். வேறெதுவும் இல்லாததால் வெங்காயம் தின்றிருந்தார்கள், அந்த வாடை தந்தைக்கு எட்டக் கூடாதென்று அப்படிச் செய்தார்கள். அதை அறிந்து தந்தை அழுதார்கள்.

கணவர் ஒருநாள் தேன் வேண்டுமென்று ஆசைப்பட்டதாக அறிந்த அம்மையார், பஅலபக்கிலிருந்து வாங்கிவரத் தம் பணத்தைக் கொடுத்து ஆளனுப்பினார்கள். அந்த ஆள் சென்றது அரசாங்கத் தபால் வாகனத்தில். இது தெரிந்ததும் உமர் அவர்கள் தேனைச் சந்தையில் விற்கச் செய்தார்கள். முதலை வீட்டுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள், இலாபத்தைத் தபால் கால்நடைகளின் தீனிச் செலவில் சேர்த்தார்கள். மனைவியின் பணம் வேறு, அரசாங்கத்தின் பணம் வேறு என்று இரண்டையும் பிரித்த விதம் நமக்கு வியப்பாக இருக்கிறது. கோபத்தில் மொத்தத்தையும் பைத்துல்மாலில் கொட்டியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் அம்மையாரின் பணத்துக்கு அநியாயம் ஆகியிருக்கும்.

இராக்கிலிருந்து உதவி தேடி வந்த ஒரு பெண் அந்த வீட்டைச் சுற்றிப் பார்த்து, பாழான இந்த வீட்டிலிருந்து தன் வீட்டைச் செப்பனிடவா வந்தோம் என்று நொந்துகொண்டாள். உன்னைப் போன்றோரின் வீடுகள் செழித்ததால்தான் இந்த வீடு இப்படி ஆயிற்று என்று அம்மையார் விடை கூறினார்கள். அதில் குறைப்பாட்டுத் தொனி இல்லை. கணவரின் கணக்கை மனைவி தம் கணக்காகவே ஏற்றுக்கொண்டிருந்தார்கள்.

உமர் அவர்கள் நோயுற்றுக் கிடந்தபோது பார்க்க வந்த மைத்துனர் மஸ்லமா, சட்டை அழுக்காயிருப்பதைக் கண்டு, அதைத் துவைக்கும்படி சகோதரியிடம் சொன்னார். மறுநாளும் அதே சட்டை. கேட்டபோது, மாற்றிக்கொள்ள வேறு சட்டை இல்லை என்றார்கள் அம்மையார். ஹிஜ்ரி 101 ரஜப் மாதத்தில் (720) உமர் அவர்கள் வஃபாத்தானார்கள். ஆட்சி செய்தது இரண்டரை ஆண்டுக்கும் குறைவு.

அடுத்துக் கலீபாவானவர் பாத்திமா அம்மையாரின் சகோதரர் யஸீத். பைத்துல்மாலில் சேர்த்திருந்த நகைகளைத் திருப்பித் தருவதாக அவர் சொல்லியனுப்பினார். தடுக்க இனிக் கணவர் இல்லை, கேட்க யாருமில்லை. அவர் உயிரோடிருந்தபோது மனம் ஒப்பி விட்டுக்கொடுத்ததை அவர் மறைந்தபின் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று அம்மையார் மறுத்துவிட்டார்கள். யஸீத் அந்த நகைகளைத் தம் குடும்பத்தாருக்குள் பங்கிட்டுக் கொடுத்தார்.