80 வருடங்களுக்கு மேல் பெயரே இல்லாமல் கிடந்த கல்லறை... எல்லிஸ் தீவின் 'முதல் பெண்' ஆனி மூரை எப்படிக் கண்டுபிடிச்சாங்க?

உங்க தாத்தா பெயர் உங்களுக்குத் தெரியும். அவரோட அப்பா பெயர்? சரி, அதுவும் தெரியும்னே வெச்சுக்குவோம். அந்த கொள்ளுத்தாத்தாவோட அம்மா பெயர்? இந்த இடத்தில் நம்மில் பலரும் வீட்டுக்கு ஒரு போன் போட வேண்டியிருக்கும். போனை எடுக்கிறவருக்கும் தெரிந்திருந்தால் அதிர்ஷ்டம்.

அமெரிக்காவில் வாழும் ஐரிஷ் வம்சாவளி மக்களுக்கு இந்தத் தேடல் கிட்டத்தட்ட ஒரு பைத்தியம். கப்பல் பட்டியல், சர்ச் பதிவேடு, கல்லறைக் குறிப்பு என்று வருடக்கணக்கில் தோண்டுவார்கள். கடைசியில் அயர்லாந்தின் ஏதோ ஒரு கிராமத்தில் ஒன்றுவிட்ட, ரெண்டுவிட்ட சொந்தத்தின் வீட்டுக் கதவைத் தட்டி, 'நானும் உங்க குடும்பம்தாங்க' என்று நிற்பார்கள். அந்த உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பெயர், ஆனி மூர். சிலை உண்டு, பாட்டு உண்டு, பாடப்புத்தகத்தில் இடம் உண்டு. ஆனால், அந்தப் பெயருக்குச் சொந்தக்காரி என்று பல வருடங்கள் ஊரே கொண்டாடியது வேறொரு பெண்ணை!

ஆனி பிறந்தது 1874 ஏப்ரலில், அயர்லாந்தின் தெற்கே இருக்கும் கார்க் நகரத்தில். அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்புதான் உருளைக்கிழங்குப் பஞ்சம் அந்த நாட்டையே புரட்டிப் போட்டிருந்தது. சுமார் 10 லட்சம் பேர் செத்துப்போனார்கள். அதற்கும் அதிகமானவர்கள் கப்பலேறினார்கள். பஞ்சம் முடிந்த பிறகும் கப்பல் ஏறுவது நிற்கவில்லை. வேலை இல்லாத ஊரில் பிள்ளைகள் வளர்வதே கிளம்பிப் போவதற்குத்தான் என்பதுபோல ஆகிவிட்டது. ஆனியின் அப்பா மேத்யூ, அம்மா ஜூலியா இருவரும் 1888-ல் நியூயார்க் போய்விட்டார்கள். ஆனியும் தம்பிகள் ஆண்டனி, பிலிப்பும் கார்க்கிலேயே இருந்தார்கள். மூன்று வருடங்களுக்கு மேல் அம்மா முகம் பார்க்காத பிள்ளைகள். வீடியோ கால் இல்லாத காலம் என்பதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

1891 டிசம்பர் 20. குயின்ஸ்டவுன் துறைமுகத்திலிருந்து 'நெவாடா' என்ற நீராவிக் கப்பல் கிளம்பியது. இந்தத் துறைமுகத்தை உங்களுக்கு வேறொரு கதையில் தெரிந்திருக்கும். 1912-ல் டைட்டானிக் கடைசியாக நின்றுவிட்டுப் போனது இங்கேதான். இன்றைக்கு ஊரின் பெயர் கோவ். 17 வயது ஆனி, இரண்டு தம்பிகளையும் கூட்டிக்கொண்டு மலிவு டிக்கெட்டில், கப்பலின் அடித்தட்டில் ஏறினாள். கிறிஸ்துமஸ் நடுக்கடலில் முடிந்தது. டிசம்பர் 31 அன்று கப்பல் நியூயார்க்கைத் தொட்டது.

மறுநாள் காலை, 1892 ஜனவரி 1, அமெரிக்க அரசு எல்லிஸ் தீவில் புதிய குடியேற்ற மையத்தைத் திறந்தது. அன்று சுமார் 700 பேர் அந்த வாசலைத் தாண்டினார்கள். அதில் முதல் ஆள் ஆனி. அதிகாரிகள் அவள் கையில் 10 டாலர் தங்க நாணயம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். பத்திரிகைகள் அன்றைக்கு அவளுக்கு 15-வது பிறந்தநாள் என்று எழுதின. பிறந்தது ஏப்ரல், வயசு 17. அப்பவும் நியூஸில் கொஞ்சம் மசாலா சேர்த்தால்தான் எடுபட்டிருக்கிறது போல!

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பயணிகளைக் கப்பலிலேயே சோதித்து அனுப்பிவிடுவார்கள். எல்லிஸ் தீவுக்குப் படகில் கொண்டுபோனது அடித்தட்டு ஏழைகளைத்தான். டிக்கெட்டுக்குக் கூடுதல் காசு இருந்திருந்தால் ஆனியின் பெயர் வரலாற்றிலேயே வந்திருக்காது. 1954-ல் மூடப்படும்வரை சுமார் 1 கோடியே 20 லட்சம் பேர் அந்தத் தீவைக் கடந்தார்கள். அத்தனை பேருக்கும் முதல் ஆளாக ஆனி நிலைத்துவிட்டாள். பெயர் நிலைத்தது, ஆளைத்தான் தொலைத்துவிட்டார்கள்.

டெக்ஸாஸ் ஆனி

பின்னாளில் ஒரு கதை பரவியது. ஆனி மூர் மேற்கே போனாள், அயர்லாந்தின் பெரும் தலைவர் டேனியல் ஓ'கானலின் வம்சத்தில் வந்தவரைக் கல்யாணம் செய்தாள், 1920-களில் டெக்ஸாஸில் ஃபோர்ட் வொர்த் அருகே டிராம் மோதி இறந்துபோனாள் என்று. அந்தக் குடும்பமும் அதை மனசார நம்பியது. எல்லிஸ் தீவு விழாக்களுக்கு அவர்களைத்தான் அழைத்தார்கள்.

ஏன் யாருமே சந்தேகப்படவில்லை? என்னைக் கேட்டால், கதை அவ்வளவு அழகாக இருந்தது. கப்பலில் வந்த ஏழைப் பெண், பரந்த மேற்கு, பெரிய இடத்து மாப்பிள்ளை, சோகமான முடிவு. ஒரு வெப் சீரிஸுக்குத் தேவையான எல்லாமே இருக்கே! 1993-ல் ஜீன் ரைன்ஹார்ட் என்ற சிற்பி செய்த சிலைகளில் ஒன்று கோவ் துறைமுகத்திலும், இன்னொன்று எல்லிஸ் தீவிலும் வைக்கப்பட்டன. கோவில் இருப்பதில் தம்பிகளும் உடன் நிற்கிறார்கள். அந்தச் சிலைகளுக்கு எல்லோரும் மாலை மரியாதை செய்துகொண்டிருந்தபோது, நிஜ ஆனியின் கல்லறையில் ஒரு கல்கூட இல்லை.

குடும்ப வரலாற்று ஆய்வாளர் மேகன் ஸ்மோலென்யாக், குடியேற்றம் பற்றிய ஓர் ஆவணப்படத்துக்காகக் காகிதங்களைப் புரட்டும்போதுதான் இந்தக் குளறுபடி தட்டுப்பட்டது. டெக்ஸாஸ் ஆனியின் பதிவுகளைப் பார்த்தால், அவர் பிறந்ததே அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில்! அயர்லாந்திலிருந்து கப்பலில் வந்திருக்கவே முடியாது. அப்படின்னா, நெவாடாவில் வந்த பெண் யார்? எங்கே போனாள்?

'ஆனி', 'மூர்' இரண்டுமே ஐரிஷ் ஆட்களிடம் தெருவுக்குத் தெரு இருக்கும் பெயர்கள். நியூயார்க்கில் ஆனி மூரைத் தேடுவது, மார்க்கெட்டில் நின்று 'அக்கா' என்று கூப்பிடுகிற மாதிரி. போதாக்குறைக்கு, பெண்களுக்குக் கல்யாணம் ஆனதும் குடும்பப் பெயர் மாறிவிடும். அதோடு தடம் முடிந்தது.

2006-ல் மேகன் இந்தத் தேடலை மறுபடி கையில் எடுத்தார். நிஜ ஆனியைக் காட்டும் ஆதாரத்துக்கு 1,000 டாலர் பரிசு என்று இணையத்தில் அறிவித்தார். நியூயார்க் நகர ஆவணத்துறை ஆணையர் பிரையன் ஆண்டர்சனும் சேர்ந்துகொண்டார். திருப்பம் வந்தது தம்பி வழியில். பிலிப் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய சான்றிதழ் சிக்கியது. 1930 கணக்கெடுப்பில் பிலிப்பும் அவர் மகளும் இருந்தார்கள். அந்த மகள் பெயர் என்ன தெரியுமா? ஆனா. மகளின் பெயரை இறப்புப் பதிவுகளில் தேடிப் பிடித்து, அங்கிருந்து உயிரோடு இருக்கும் வாரிசுகளை எட்டினார்கள். சில வாரங்களில் வேலை முடிந்தது. நீங்கள் என்றைக்காவது இப்படி யாரையாவது தேடினால் இதை நினைவில் வையுங்கள்: நேராகப் போய் முட்டி நின்றால், பக்கவாட்டில் அண்ணன் தம்பிகளைப் பிடியுங்கள். ஆண்களின் குடும்பப் பெயர் மாறுவதில்லை.

நிஜ ஆனி

நிஜ ஆனி மேற்கே எங்கும் போகவில்லை. பெற்றோர் குடியிருந்தது மன்ஹாட்டன் கீழ்க்கிழக்குப் பகுதியில், மன்றோ தெரு 32-ம் எண் வீட்டில். ஆனியின் மொத்த வாழ்க்கையும் அந்த வட்டாரத்துக்குள்ளேயே, சில தெருக்களுக்குள்ளேயே கழிந்தது. கப்பலிறங்கி வந்த ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த ஒண்டுக்குடித்தனப் பகுதி அது. ஜெர்மனியிலிருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பத்தின் மகன் ஜோசப் ஷேயரைக் கல்யாணம் செய்துகொண்டார். குறைந்தது 11 பிள்ளைகள். பெரியவர்களாகும்வரை பிழைத்தது ஐந்து பேர்தான். மற்றவர்கள் சின்னஞ்சிறு வயதிலேயே போய்விட்டார்கள்.

அந்த வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். தங்க நாணயத்தோடு சிரிக்கும் பெண்ணின் படம் எல்லோருக்கும் மனசில் இருக்கிறது. அதன் பிறகு அவர் எத்தனை முறை சின்னச் சவப்பெட்டிகளோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போய் வந்திருப்பார்? இதை எந்தப் பாட்டிலும் சேர்க்க மாட்டார்கள். டெக்ஸாஸ் கதை இத்தனை வருடம் ஓடியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

1924 டிசம்பர் 6 அன்று இதயம் செயலிழந்து ஆனி இறந்தார். வயது 50. குயின்ஸ் பகுதியில் இருக்கும் கால்வரி கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். சுமார் 30 லட்சம் பேர் உறங்கும் இடம் அது. கல் வைக்கக் குடும்பத்திடம் வசதி இல்லை.

தேடியது நியூயார்க் பதிவுகளில் என்பதால் இவ்வளவாவது கிடைத்தது. அயர்லாந்துப் பக்கம் போயிருந்தால் இன்னும் பாடு. 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரில் டப்ளினின் 'ஃபோர் கோர்ட்ஸ்' வளாகத்தில் இருந்த ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகள் பெரும்பாலும் சாம்பல். 1881, 1891 ஏடுகளை முதல் உலகப்போர் நேரத்தில் அரசே காகிதக் கூழாக்கிவிட்டது. முழுசாக மிஞ்சிய பழைய கணக்கெடுப்புகள் 1901, 1911 இரண்டும்தான். அவற்றை இப்போது உங்கள் போனிலேயே இலவசமாகப் பார்க்கலாம். ஆனிக்கு அது உதவாது. 1901-ல் அவர் குடும்பம் அயர்லாந்திலேயே இல்லை. 1864-லிருந்து எல்லா மதத்தவரின் பிறப்பையும் அரசு பதிவு செய்ததும், கத்தோலிக்கச் சர்ச்சுகள் தனியே ஞானஸ்நான ஏடுகள் வைத்திருந்ததும்தான் இப்படிப்பட்டவர்களைத் தேட வழி. அந்தச் சர்ச் ஏடுகளை 2015-ல் அயர்லாந்து தேசிய நூலகம் இணையத்தில் ஏற்றிவிட்டது. காசு கிடையாது, கண்ணுக்குத்தான் வேலை. கையெழுத்தும் லத்தீன் பெயர்களும் படுத்தி எடுத்துவிடும்.

ஒரு குட்டித் தகவல். ஒபாமாவின் அம்மா வழி முன்னோர் ஒருவர் மணிகால் என்ற குட்டி ஐரிஷ் கிராமத்துச் செருப்புத் தைப்பவரின் மகன் என்று கண்டுபிடித்ததில் இதே மேகனுக்கும் பங்குண்டு. 2011 மே மாதம் அதிபராக இருந்தபோதே அங்கே போய், தூரத்துச் சொந்தத்தோடு பப்பில் பீர் குடித்துவிட்டு வந்தார் ஒபாமா. பக்கத்து நெடுஞ்சாலையில் இன்று அவர் பெயரில் ஒரு பெட்ரோல் பங்க், ஃபுட் கோர்ட் வளாகமே இருக்கிறது!

ஆனிக்கு அந்த அளவு கூட்டம் வரவில்லை. ஆனால், 2006-ல் உண்மை வெளியானபோது ஒருவரையொருவர் அறியாமல் இருந்த வாரிசுகள் சந்தித்துக்கொண்டார்கள். ஐரிஷ், யூத, இத்தாலிய, ஸ்காண்டிநேவியக் குடும்பப் பெயர்கள். ஒரே வேர் என்று அவர்கள் முகத்தை வைத்து யாரும் சொல்லியிருக்க முடியாது. டெக்ஸாஸ் குடும்பத்தை நினைத்தால் எனக்குப் பாவமாகத்தான் இருக்கிறது. அவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை, பாட்டி சொன்ன கதையை நம்பியவர்கள். நம்ம வீட்டுக் கதைகளிலும் எத்தனை இப்படியோ!

2008 அக்டோபர் 11 அன்று கால்வரியில் ஆனியின் கல்லறையில் ஒரு செல்டிக் சிலுவை வைத்தார்கள். அயர்லாந்தின் நீலச் சுண்ணாம்புக்கல்லில் செய்தது. ஆனியைப் போலவே அந்தக் கல்லும் அங்கிருந்து வந்ததுதான்.